அலமாரிக்குள் இவ்வளவு இருக்கிறது, தெரியுமா?

பொம்மசந்திராவில் குடியிருப்பவர்களே! உங்கள் ஊர் மெட்ரோவில் ஏறினால் துணி அலமாரியின் பாதி ஜாதகத்தையும் ஜன்னல் வழியாகவே பார்த்துவிடலாம், தெரியுமா? 2025 ஆகஸ்ட் 10ஆம் தேதி திறந்த மஞ்சள் வழித்தடம் பொம்மசந்திராவில் புறப்பட்டு 19 கிலோமீட்டர் ஓடி ஆர்.வி. ரோட்டில் முடிகிறது. அங்கே பச்சை வழித்தடத்துக்கு மாறி உட்காருங்கள். சேண்டல் சோப் ஃபேக்டரி என்று பெயர் வைத்த ஸ்டேஷனே வரும். அந்தச் சோப்பின் காலி அட்டைப்பெட்டியைக்கூடத் தூக்கிப்போட மனமில்லாமல் புடவை அடுக்குக்குள் செருகி வைத்த வீடுகள் நம்மில் எத்தனை! அடுத்து யஷ்வந்த்பூர், தும்கூர் சாலை. பிளைவுட்டை ஆராய்வதற்கென்றே 1962ல் ஒரு கூடம் தொடங்கியது இந்தச் சாலையில்தான். இன்னும் போனால் நாகசந்திரா, 2022 ஜூனில் திறந்த ஐக்கியா ஃபர்னிச்சர் கடை. கடைசியில் மாதாவரா; மரவேலை இயந்திரங்களுக்கான இந்தியாவுட் கண்காட்சி நடக்கும் வளாகம். ஒரே ஓர் இடத்தில் வண்டி மாறினால் போதும், எல்லாம் கைக்கெட்டும் தூரம்!

இத்தனை வசதி இருந்தும் நம் வீட்டு வார்ட்ரோப்கள் பெரும்பாலும் யாருக்கோ போட்ட அளவில்தான் நிற்கின்றன. கோட்டும் கவுனும் தொங்கவிடுகிறவர்களுக்குப் போட்ட அளவு அது. நம்முடையது புடவை, வேட்டி, சுடிதார், போர்வை, கோவில் விசேஷத்துக்கு மட்டும் வெளியே வரும் பட்டு. ஆசாரியைக் கூப்பிடும் முன் நம் துணியை நாம் அளந்தோமா? இதில்தான் ஆச்சரியங்கள் கொட்டிக் கிடக்கின்றன.

வார்ட்ரோப் ஏன் 24 அங்குல ஆழம், யோசித்ததுண்டா? ஹேங்கரின் நீளம்தான் காரணம்! பெரியவர்கள் சட்டை மாட்டும் ஹேங்கர் சுமார் 42 முதல் 45 செ.மீ. அதில் சட்டை மாட்டினால் தோளும் கையும் இரண்டு பக்கமும் வழியும். பின்பலகை, ஷட்டர் கனம் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் 60 செ.மீ. வந்துவிடும். அதாவது 24 அங்குலம். சரி, மடித்து வைக்கும் துணிக்கும் அதே ஆழம் எதற்கு? மடித்த சட்டையும் சுடிதாரும் 14 அங்குலத்துக்குள் அடங்கும். 24 அங்குலத் தட்டில் முன்வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை ஒளிந்துகொள்கிறது. அந்தப் பின்வரிசைத் துணிகள் அடுத்த தீபாவளி வரை வெளிச்சம் பார்ப்பதில்லை. ஐக்கியாவின் ‘பாக்ஸ்’ (PAX) அலமாரியே 58 செ.மீ., 35 செ.மீ. என்று இரண்டு ஆழத்தில்தான் வருகிறது. பத்துக்குப் பத்து அறையில் ஆறடி நீளத்துக்கு 24 அங்குல அலமாரி வைத்தால் 12 சதுர அடி போய்விடும், அறையில் எட்டில் ஒரு பங்கு! மடிக்கிற துணிக்கு 15 அங்குலம், தொங்குகிற துணிக்கு மட்டும் 24 என்று பிரித்துக் கேளுங்கள். தச்சர் முதலில் மறுப்பார். வடிவம் நேராக வராது, முகப்பில் படி விழும் என்பார். விழட்டும். அந்தப் படியில் ஒரு நாற்காலி போட இடம் கிடைக்கும்.

இப்போது புடவைக்கு வருவோம். இதைச் சொல்லத்தான் இத்தனை பரபரப்பு! ஒரு புடவையை ஹேங்கரில் தொங்கவிட எவ்வளவு உயரம் வேண்டும், சொல்லுங்கள் பார்க்கலாம். நாலடி? ஐந்தடி? தரையில் விரித்து மடித்துப் பாருங்கள். நீளம் ஐந்தரை மீட்டர், அகலம் ஏறக்குறைய 1.15 மீட்டர். அகலத்தை மூன்றாக மடித்தால் 38 செ.மீ.; ஹேங்கர் கம்பியில் கச்சிதமாக உட்காரும். நீளத்தை நாலாக மடித்தால் 1.37 மீட்டர். அதை நடுவில் கம்பிமேல் போட்டால் இரண்டு பக்கமும் தொங்குவது 69 செ.மீ. மட்டுமே! இரண்டேகால் அடி! கொக்கியையும் சேர்த்தால்கூட மூன்றடிக்குள் முடிந்துவிட்டது. ஒன்பது கஜத்தை எட்டாக மடித்துப் போட்டால் அதைவிடக் குறைவு.

இதன் அர்த்தம் புரிகிறதா? ஏழடி உயர அலமாரியில் ஒரே ஒரு கம்பி போட்டு, கீழே மூன்று நாலு அடியைச் சும்மா விட்டு, அதில் பைகளைத் திணித்துக்கொண்டிருக்கிறோமே, அங்கே மேலும் கீழுமாக இரண்டு வரிசை புடவை தொங்கும்! அதற்கும் மேல் ஓர் அடி மிஞ்சும். பிளவுஸுக்கும் உள்பாவாடைக்கும் ஒரு டிராயர் ஆயிற்று. புடவை மட்டும் தொங்கும் பகுதிக்கு 24 அங்குல ஆழமும் தேவையில்லை. 38 செ.மீ. மடிப்புக்குத் தோள் கிடையாது, கை கிடையாது. 20 அங்குலமே தாராளம். கனமான காஞ்சிப் பட்டை மட்டும் தொங்கவிடாதீர்கள். சரிகையின் எடை மடிப்பில் இழுத்து நூலை நோகடிக்கும். அது படுத்தபடி இருக்க வேண்டிய துணி.

கம்பியின் உயரமும் அப்படித்தான். வெளிநாட்டுப் படங்களில் ஒற்றைக் கம்பி ஐந்தரை அடிக்கு மேல் இருக்கும். இந்தியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ. வீட்டில் தினமும் அலமாரி திறக்கிறவரைச் சுவரோரம் நிறுத்தி, எக்காமல் கை தூக்கச் சொல்லி, விரல் படும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். மேல் கம்பி அந்தக் கோட்டுக்குக் கீழே வர வேண்டும். இதைவிட உயர்ந்த டிசைன் ரகசியம் எந்த ஷோரூமிலும் கிடைக்காது என்பேன்.

லாஃப்ட் மட்டும் ஏன் எல்லா வீட்டிலும் தனி ஷட்டராக வருகிறது? பிளைவுட் பலகை எட்டடிக்கு நாலடி! அறைக் கூரையோ ஒன்பதரை, பத்தடி. ஒரே பலகையில் கூரையைத் தொட முடியாது. அதனால் ஏழடிக்குப் பெட்டி, அதற்குமேல் லாஃப்ட் என்று பிரிந்தது. பலகையின் அளவு போட்ட கோடு அது!

அந்தப் பலகையைப் பற்றி இன்னும் கேளுங்கள். மெல்லிய மர ஏடுகளை ஒன்றின் நாரோட்டத்துக்கு மற்றொன்று குறுக்காக ஒட்டினால் பலகை வளையாது என்பதை, எகிப்தில் சக்காராவின் படிக்கட்டுப் பிரமிடைக் கட்டிய காலத்திலேயே கண்டுகொண்டார்கள். நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கும் முந்தைய ஆறு ஏட்டுச் சவப்பெட்டி அங்கே கிடைத்திருக்கிறது! இன்றைக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை, பரிசோதனையில் 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பிரியாமல் இருக்க வேண்டும். மூன்று நாள் கொதிக்கக் கொதிக்க! படுக்கையறை அலமாரிக்கு அவ்வளவு தேவையில்லை, ஐ.எஸ். 303ல் பி.டபிள்யூ.ஆர். வகையே போதும். ஆனால் குளியலறைச் சுவரை ஒட்டிய பக்கத்துக்கு மட்டும் 710 கேளுங்கள். ஈரம் வருவது அந்தச் சுவரில்தான்.

கேரளத்தில் பெரும்பாவூர் போனால் பிளைவுட் ஆலைகள் வரிசை கட்டி நிற்கும். அங்கே உரிபடும் மரங்களில் ரப்பரும் உண்டு. பால் வற்றிப்போன ரப்பர் மரம் உங்கள் புடவையைத் தாங்கிக்கொண்டிருக்கலாம்! நம் பக்கம் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி ஊக்குவித்ததில் மலைவேம்பை விவசாயிகள் வரப்பிலும் வயலிலும் வளர்க்கிறார்கள். அதுவும் பிளைவுட்டுக்குப் போகிறது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம் என்பதால் உளு விரும்பி வரும். மருந்து ஏற்றாத பலகையானால் ஒரு நாள் அலமாரிக்கு அடியில் டால்கம் பவுடர் கொட்டியதுபோல் நைஸான தூள் கிடக்கும். கறையான் இப்படித் தூள் கொட்டாது, மண்ணால் கோடு இழுக்கும். தூளா, மண்கோடா என்று பார்த்தால் யாரைக் கூப்பிட வேண்டும், என்ன மருந்து அடிக்க வேண்டும் என்பது பாதி தெளிந்துவிடும்.

புது அலமாரியைத் திறந்ததும் கண் எரிகிறதே, அது என்ன? பலகையை ஒட்டிய பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு! உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்திவிட்டது. வெக்கையும் ஈரமும் ஏற ஏற அது கூடுதலாகக் கசியும். இ-1, இ-0 என்று பலகையில் அச்சிட்டிருப்பது அந்தக் கசிவின் அளவைத்தான், இ-0 குறைவு. புதுமனைப் புகுவிழாவுக்கு முந்தின நாள் வரை ஷட்டர் வேலை நடத்தி, மறுநாளே குழந்தையை அந்த அறையில் தூங்க வைப்பது வேண்டாம். கதவு ஜன்னலைத் திறந்துபோட்டுச் சில வாரம் காற்றாட விடுங்கள். உள்பக்கமும் சன்மைக்கா ஒட்டி, வெட்டு விளிம்பு எல்லாவற்றுக்கும் எட்ஜ் பேண்டிங் போட்டால் கசிவும் குறையும், ஈரமும் ஏறாது. பார்ட்டிகிள் போர்டு உப்புவது முகத்தில் ஆரம்பிப்பதில்லை, விளிம்பில்தான்.

தட்டு நடுவில் தொய்வது ஏன்? இந்தக் கணக்கைக் கேட்டால் வாயடைத்துப் போவீர்கள். ஒரு தட்டில் ஒரே சீராகத் துணி அடுக்குகிறீர்கள். தட்டின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் தொய்வு இரண்டு மடங்கா? நாலா? பதினாறு மடங்கு! பலகையின் கனத்தை இரட்டிப்பாக்கினால் தொய்வு எட்டில் ஒன்றாகக் குறையும். அதனால் நீளத் தட்டுக்குக் கனமான பலகை வாங்குவதைவிட நடுவில் ஒரு நிற்பலகை கொடுப்பது மலிவு. 18 மி.மீ. பிளைக்கு மூன்றடி இடைவெளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பார்ட்டிகிள் போர்டுக்கு இன்னும் குறைவு. பட்டுப்புடவை ஒன்று முக்கால் கிலோ என்று வைத்துக்கொண்டாலும் இருபது புடவைக்குப் பதினைந்து கிலோ ஆகிவிடுகிறதே!

வாடகை வீட்டுக்காரர்களுக்கு என்ன என்கிறீர்களா? பொம்மசந்திரா, ஹெப்பகோடி, சந்தாபுரா சந்துகளில் தொழிற்பேட்டைக்கும் மருத்துவமனைக்கும் ஷிஃப்ட் போகிறவர்கள் இருக்கும் ஒற்றைப் படுக்கையறை வீடுகளில் பிளைவுட்டே இருக்காது. சுவரில் பள்ளம் விட்டு, கடப்பாக் கல்லைத் தட்டாகச் செருகி, கதவு போடாமல் விட்டிருப்பார்கள். அதை மட்டமாக நினைக்காதீர்கள்! ஆந்திரத்துக் கடப்பைப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறை அது. கறையான் தொடாது, உளு ஏறாது, தொய்யாது. விரலால் தடவிப் பாருங்கள்: மேல்பக்கம் வழவழவென்று கறுப்பு, அடிப்பக்கம் கொத்தினபடியே சொரசொரப்பு, முன்விளிம்பில் பெயிண்ட் சிந்திய வெள்ளைப் புள்ளிகள். அந்தச் சொரசொரப்பு அடிப்பக்கம்தான் கீழ்த்தட்டுத் துணியின் மேல் சுண்ணாம்புப் பொடி உதிர்க்கிறது. மேல்தட்டின் அடியில் ஒரு ரெக்சின் துண்டை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டிவிடுங்கள், தீர்ந்தது. முன்னால் ஸ்ப்ரிங் கம்பியில் ஒரு பழைய காட்டன் புடவையைத் திரையாகப் போடுங்கள். கதவு அடைத்த அலமாரியைவிடக் காற்று நன்றாகப் போய்வரும்.

காற்று என்றதும் முக்கியமான விஷயம். தொள்ளாயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் பெங்களூருக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்கின் வாலும் உண்டு. மழை உச்சத்துக்குப் போவது செப்டம்பரில், சென்னைக்கு நவம்பர். ஜூனிலிருந்து ஈரம் குடித்த பீரோவைத் தீபாவளிக்குத் திறந்தால் பூஞ்சை வாசனை வராமல் என்ன செய்யும்? பட்டை வெளியே எடுத்து உதற வேண்டிய மாதம் ஐப்பசி இல்லை, மாசி பங்குனி! பெங்களூர்க் காற்று மிக உலர்ந்திருப்பது அப்போதுதான். நேர் வெயிலில் போடாமல் நிழலில் காயவிட்டு, பழைய மடிப்புத் தடத்தை மாற்றி மடித்து, வெளுத்த மல் துணியில் சுற்றி வைத்தால் சரிகை ஒடியாது. பிளாஸ்டிக் உறை கூடவே கூடாது, ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். சரிகை கறுப்பது அதன் வெள்ளி காற்றிலுள்ள கந்தகச் சேர்மத்தோடு சேர்வதால். பொம்மசந்திரா இருக்கும் ஆனேக்கல் தாலுகாவே பட்டு நெசவுக்குப் பேர்போனது. பட்டு நெய்கிறவர் வீடு எதிலாவது கேட்டுப் பாருங்கள், சேமித்து வைக்கும் முறையை உங்களுக்கு உட்கார வைத்துச் சொல்லித் தருவார்கள்.

அந்துப்பூச்சி துணியைத் தின்பதில்லை, தெரியுமா? பறக்கும் அந்துவுக்குத் தின்ன வாயே இல்லை! தின்பது அதன் புழு. அதற்கும் கம்பளி, பட்டு என்றால்தான் ஆசை. அதிலும் வியர்வையோ உணவுக் கறையோ பட்ட இடம் என்றால் விருந்து. ஒரே ஒரு கல்யாணத்துக்குக் கட்டிவிட்டு அப்படியே மடித்து வைத்த பட்டில் ஓட்டை விழுவது இதனால்தான். வெள்ளியாய் மினுங்கி ஓடும் ராமபாணமோ டைனோசருக்கும் மூத்த வம்சம்! அதன் இரை மாவுப்பொருளும் காகிதமும். கஞ்சி போட்ட பருத்திப் புடவையைக் கீழே நியூஸ்பேப்பர் விரித்து அடுக்கினால் ராமபாணத்துக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. நீண்டநாள் வைப்பதானால் கஞ்சியை அலசிவிட்டு வையுங்கள். நியூஸ்பேப்பரை இன்றைக்கே உருவி எடுங்கள்.

அப்படியானால் என்ன வைப்பது? தஞ்சாவூர் சரஸ்வதி மஹால் நூலகத்தைக் கேளுங்கள்! ஓலைச்சுவடிகளைப் பூச்சியிடமிருந்து காக்க வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணிப்பொட்டலமாகக் கட்டி வைக்கும் முறை அங்கே உண்டு. பொட்டலம் துணியில் நேராகப் படாமல் மூலையில் இருக்கட்டும். வாசனை போனதும் மாற்றுங்கள்.

அந்துருண்டை விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நாஃப்தலீன் உருண்டை போட்டு வைத்த பழைய மெத்தென்ற புடவையை எடுத்துப் பிறந்த குழந்தையைச் சுற்றாதீர்கள்! ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு அந்த ஆவியே சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவந்துவிடும். துவைத்து, பல நாள் காற்றில் உலர்த்திய துணிதான் குழந்தைக்கு. பிள்ளைப்பேற்றுக்கு ஊருக்குப் போகும் பெண் இருக்கும் வீட்டில் அந்துருண்டையை இப்போதே வெளியேற்றுங்கள்.

உலகம் முழுக்க இந்தக் கவலை எப்படியெல்லாம் தீர்வு கண்டிருக்கிறது! ஜப்பானியர் கிமோனோ வைக்கக் கிரி என்ற இலேசான மரத்தில் பெட்டி செய்தார்கள். மழைக்காலத்தில் அந்த மரம் லேசாகப் பருத்து இடுக்கை மூடிக்கொள்ளும். மகள் பிறந்தால் கிரி மரம் நட்டு, கல்யாணத்துக்கு அதையே வெட்டிப் பெட்டி செய்து கொடுத்த வழக்கமும் உண்டு. செட்டிநாட்டு வளவு வீட்டில் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் இரட்டை வீடு என்று உள்ளும் புறமுமாக இரண்டு அறை. மருமகள் கொண்டுவந்த சாமான் இருக்கும் இடம் அது. அலமாரிக்குப் பதில் அறையே! 1922ல் திறந்த துட்டன்காமன் கல்லறையிலும் மன்னனின் துணிமணிகளும் செருப்புகளும் பெட்டி பெட்டியாகக் கிடைத்தன.

நம் சீர்வரிசையில் கட்டிலுக்கு ஜோடியாக வரும் ஸ்டீல் பீரோவுக்கு நூறு வயது தாண்டிவிட்டது என்றால் நம்புவீர்களா? 1897ல் பூட்டுச் செய்யத் தொடங்கிய கோத்ரெஜ் 1923ல் இரும்பு அலமாரி செய்ய ஆரம்பித்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்கு லட்சக்கணக்கில் ஓட்டுப்பெட்டி செய்ததும் அதே நிறுவனம்தான். உங்கள் பாட்டியின் சேலையும் பாட்டியின் ஓட்டும் ஒரே கைவேலைக்குள் இருந்திருக்கலாம்! அந்தப் பச்சை, சாம்பல் பீரோவைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். உப்புத்தாள் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே எனாமல் பூசினால் இன்னொரு தலைமுறைக்கு நிற்கும். ஃபார்மால்டிஹைடு இல்லை, உளு இல்லை. உள்ளே இரண்டு கம்பி குறுக்கே போட்டால் மேலே சொன்ன இரட்டைப் புடவை வரிசையும் வந்துவிடும்.

ஒரே ஒரு குறை. பீரோவோ, டிராயர் அடுக்கோ, குழந்தை பிடித்து ஏறினால் சாயும். டிராயர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் வெளியே வந்தால் எடையின் மையமே முன்னுக்கு வந்துவிடுகிறது. குழந்தைகள் நசுங்கி இறந்த பிறகு 2016ல் ஐக்கியா அமெரிக்காவில் மட்டும் 2 கோடியே 90 லட்சம் டிராயர் அலமாரிகளைத் திரும்பப் பெற அறிவித்தது. சுவரில் ஒரு எல் கிளாம்ப், அதற்கு இரண்டு ஸ்க்ரூ, ஹார்டுவேர் கடையில் ஐம்பது ரூபாய்க்குள் முடியும் வேலை. வாடகை வீடானால் ஓனரிடம் முன்னாடியே கேட்டுக்கொண்டு துளை போடுங்கள், காலி செய்யும்போது ஒயிட் சிமென்ட் வைத்து அடைத்துக் கொடுக்கலாம். கனமான துணியெல்லாம் அடித்தட்டில், டிராயர் ஒவ்வொன்றுக்கும் தடுப்பு, பின்னால் சுவருக்கும் பீரோவுக்கும் இடையே காற்றுக்கு இரண்டு விரல் இடைவெளி. மேலே கிளாம்ப்.